நான்கு சாரல் கண்ட குரோஷா பை

2021-இல் நான் வீட்டிலேயே குரோஷா முறையில், அதாவது முனையில் கொக்கியுள்ள ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, பின்னிய கைப்பையை, ஏறத்தாழ வேலை நாள் தவறாமல், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலைப்பாதை ரயிலில் தூக்கிச் சென்று வந்திருக்கிறேன். நான்கு சாரல் காலங்களைக் கடந்த பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன். பின்னி முடித்த அன்று எழுதியிருந்தால் பின்னலின் அழகைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது அழகைவிடத் தோள்பட்டையையும் உள்துணியையும் பற்றிச் சொல்ல வேண்டியவைதான் அதிகம்.

உடல் பகுதிக்கு 4 ப்ளை (நான்கு புரி) பருத்தி நூலை இரட்டை இழையாகச் சேர்த்து, 3.5 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினேன். அந்தத் தடிமனுக்கு வழக்கமாக 4.5 ஊசியை எடுப்பார்கள்; பைக்கு அது தளர்வாகிவிடும். சிறிய ஊசியால் இறுக்கிப் பின்னியதில் கட்டைவிரல் இரண்டு வாரம் வலித்தது, ஆனால் இன்றுவரை பையின் வயிறு தொங்கவில்லை. ஏறக்குறைய 450 கிராம் நூல் பிடித்தது. நூல், உள்துணி, ஜிப், வளையங்கள் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் அளவில் செலவாயிற்று. மாலை நேரங்களும் ரயில் நேரமுமாக ஐந்து வாரம் ஆனது.

அடிப்பகுதியை முட்டை வடிவில் தொடங்கினேன். சங்கிலிபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வரும் 30 சங்கிலிக் கண்ணிகள் போட்டு, அவற்றின் இரு பக்கமும் சிங்கிள் குரோஷா என்னும் குட்டையான, நெருக்கமான கண்ணிகளாகச் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றிலும் இரு முனைகளிலும் மும்மூன்றாக ஆறு கண்ணிகளைக் கூட்ட வேண்டும். கூட்டுவது குறைந்தால் அடி கிண்ணம்போல் குவியும். மிகுந்தால் அப்பளம்போல் நெளியும். எட்டுச் சுற்றுக்குப் பின் கூட்டுவதை நிறுத்தியதும் சுவர் தானாக எழும்பியது. ரயில் பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக்கு முன்னுள்ள மலைக்குகைக்குள் நுழையும்போது விளக்கு எரியாத நாட்களில் எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஓர் ஊக்கைக் குத்தி வைத்தேன். அந்த இருட்டில்தான் கண்ணிகளை விரலால் எண்ணக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. திருப்பாமல் ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது சிங்கிள் குரோஷாக் கண்ணிகள் நேர்க்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதில்லை. வலது கைக்காரர்களுக்குச் சற்று வலப்புறமாகச் சாய்ந்துகொண்டே போகும். அது தெரியாமல், பட்டை வர வேண்டிய இடங்களை அடிச்சுற்றிலேயே எண்ணிக் குறித்து வைத்து, அதே கண்ணிகளைப் பின்தொடர்ந்து மேலே சென்றேன். வாய்ப்பகுதிக்கு வந்தபோது குறிகள் பக்கவாட்டிலிருந்து விலகி முன்பக்கமாக நகர்ந்திருந்தன. பட்டையை அங்கேயே வைத்துப் பார்த்தபோது பை கோணலாகத் தொங்கியது. முழுவதும் முடித்த பின் பையைத் தட்டையாக மடித்துப் போட்டு, மடிப்பு விழும் இடத்தில் புதிதாகக் குறிப்பதுதான் சரியான வழி. கோலம்போல் ஏதேனும் உருவம் நேராக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திரும்பிப் பின்ன வேண்டும். குறுக்குக் கோடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இனிப் பட்டை. முதல் பட்டையை ஏழு கண்ணி அகலத்தில் வரிவரியாக மேலே ஏற்றி 70 சென்டிமீட்டருக்குப் பின்னினேன். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, பணப்பை ஆகியவற்றோடு பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: இரண்டேகால் கிலோ. ஆறு மாதத்தில் பட்டை 84 சென்டிமீட்டர் ஆகி, பை முழங்காலைத் தட்டத் தொடங்கியது. அதோடு, பட்டையைக் கோத்திருந்த உலோக வளையத்தின் இணைப்பு விளிம்பு உராய்ந்து இரண்டு இழைகளை அறுத்திருந்தது. வளையத்தைக் கடையில் வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்திருந்தால் அந்த இடைவெளி தெரிந்திருக்கும். இரண்டாவது பட்டைக்கு முழு நீளத்துக்கும் முதலில் சங்கிலி போட்டு, நீளவாக்கில் ஐந்து வரிகள் பின்னி, பின்புறத்தில் கெட்டியான பருத்தி நாடாவை வைத்துத் தைத்தேன். இப்போது பாரத்தைத் தாங்குவது நாடாதான். பின்னல் அதற்குச் சட்டை மட்டுமே. வளையத்தைக் கைவிட்டு, பட்டையின் இரு நுனிகளையும் ஆறு சென்டிமீட்டர் உள்ளே இறக்கி உடலோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்றரைச் சென்டிமீட்டர்தான் நீண்டிருக்கிறது.

ஒயர் கூடை பின்னுவதில் கைதேர்ந்த என் அத்தை, இந்தப் பையை முதன்முதலில் பார்த்தபோது, “ஏட்டி, இந்த ஓட்டைப் பையில சில்லறை நிக்குமா?” என்று கேட்டார். நிற்காது, சாவியும் பேனாவும்கூடக் கண்ணிகளுக்கிடையில் மூக்கை நீட்டும். உள்துணி இல்லாத குரோஷா பை, பாரம் ஏறினால் எல்லாப் பக்கமும் இளகிவிடும் என்பதால் உள்துணி வெறும் அலங்காரத்துக்கு அல்ல. நான் முதலில் கெட்டிப் பருத்தித் துணியை வைத்துத் தைத்தேன். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் எங்கள் ஊரில் அது பெருந்தவறாக முடிந்தது. பருத்தி நூலும் பருத்தித் துணியும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரண்டு நாளாகியும் உலராமல், மூன்றாம் நாள் உள்ளே கரும்புள்ளிகளாகப் பூசணம் பிடித்து நாற்றமெடுத்தது. அடுத்த ஆண்டு குடைத்துணியைப் போட்டு, கழற்றி மாட்ட வசதியாகப் பெரிய கைத்தையலாக இணைத்தேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

துவைப்பதில் இன்னொரு பாடம் கிடைத்தது. ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டதில் நீரின் கனத்தால் பை மூன்று சென்டிமீட்டர் நீண்டது. இப்போது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நார்க்கட்டிலில் படுக்க வைத்து உலர்த்துகிறேன். கீழிருந்தும் காற்று படுவதால் விரைவில் காய்கிறது. நீல நிறம் முதல் மூன்று அலசல்வரை தண்ணீரில் இறங்கியது. அதற்கு முன்பே வெள்ளைப் புடவையோடு தோளில் மாட்டியது என் அவசரம்.

ஒப்பிட்டுப் பார்க்க அக்ரிலிக் நூலில் ஒன்றும், முடிச்சுக் கைவேலைக்குப் பயன்படும் 3 மில்லிமீட்டர் மேக்ரமே கயிற்றில் ஒன்றும் பின்னினேன். அக்ரிலிக் பை அரை நாளில் உலர்ந்துவிடுகிறது. ஆனால் உராயும் இடமெல்லாம் உருண்டை உருண்டையாகப் பிசிறு எழுந்து, ஓராண்டில் பழைய ஸ்வெட்டர்போல் ஆகிவிட்டது. கயிற்றுப் பை வடிவம் குலையாமல் நிற்கிறது. ஆனால் பின்னும்போது மணிக்கட்டை வாட்டியது, வெறும் பையே கனக்கிறது. மழை ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டால், இறுக்கிப் பின்னிய பருத்தி உடலும் குடைத்துணி உள்புறமும் நாடா வைத்த பட்டையும் என்றே சொல்வேன்.

உடன் பயணம் செய்யும் மலையாளி அம்மா ஒருவர், பையைத் தொட்டுப் பார்த்து, “கொள்ளாம்” (நன்றாக இருக்கிறது) என்று சொல்லி, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். நாற்பத்தைந்து மணி நேரக் கைவேலைக்கு என்ன விலை சொல்வதென்று தெரியாமல் தயங்கி, கடைசியில் ஊசி பிடிக்கும் முறையையே அவருக்குக் கற்றுக் கொடுத்தேன். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் வருவதற்குள் அவர் பத்துச் சங்கிலிக் கண்ணி போட்டுவிட்டார்.

இந்த ஆண்டு, அடிப்பகுதியின் ஒரு மூலை ரயில் பெட்டித் தரையில் உரசியே நைந்துபோய்விட்டது. அதே எண்ணுள்ள நீல நூலை மீண்டும் வாங்கியபோது சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களின் தொகுதி) வேறாக இருந்ததால் நிறம் ஒத்துப்போகவில்லை. பீரோவில் கிடந்த, 84 சென்டிமீட்டராக நீண்டுபோன அந்த முதல் பட்டையை எடுத்துப் பிரித்து, தண்ணீரில் நனைத்துச் சுருக்கம் நீக்கி உலர்த்தினேன். பையோடு சேர்ந்தே ஆறு மாதம் வெயில் பட்ட நூல் என்பதால் நிறம் ஏறக்குறைய பொருந்திவிட்டது. மூலையை அதைக் கொண்டுதான் இப்போது பின்னிக்கொண்டிருக்கிறேன்.