மஞ்சள் பெட்டி நாசில் கிட்: வாடகைக்கு எடுப்பதற்கு முன் கேஜ் எங்கே என்று பாருங்கள்

கர்ட்டன் வால் (கட்டடத்துக்கு வெளியே மாட்டும் கண்ணாடிச் சுவர்) வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் மாக்கப்பில் (சோதனைக்காகக் கட்டும் மாதிரிச் சுவர்) தண்ணீர் அடித்துப் பார்க்க ஒரு ஹோஸ் டெஸ்ட் கிட் வாடகைக்கு எடுத்தோம். கடைப் பேர் வேண்டாம். பம்ப், 30 மீட்டர் ஹோஸ், வால்வு, பித்தளை நாசில் எல்லாம் ஒரே மஞ்சள் பெட்டியில். சிங்கப்பூர் துவாஸ் யார்டுக்கே லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள், வாடகையும் அதிகமில்லை. பம்ப் சத்தமில்லாமல் ஓடியது, ஹோஸ் புதுசு, இணைப்புகளில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரே குறை, பிரஷர் கேஜ் பம்ப் தலையில் உட்கார்ந்திருந்தது.

அதனால் என்ன என்றுதான் நானும் அன்றைக்கு நினைத்தேன்.

இந்த டெஸ்டுக்கு ஏஏஎம்ஏ 501.2 என்று பேர், அமெரிக்கத் தரநிலை. நாங்கள் ‘ஆமா’ டெஸ்ட் என்போம், கன்சல்டன்ட் ஆமா சொல்கிறாரா இல்லையா என்பது அப்புறம். மோனார்க் பி-25 நாசில், தண்ணீர் அதற்குள் நுழையும் இடத்தில் 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தம், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஐந்தடி நீள இணைப்புக்கு ஐந்து நிமிஷம், கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் வழிந்து வரும் தண்ணீர் எந்த ஓட்டையில் நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஒன்று, இது திறக்காத, நிரந்தரமாக அடைத்த இணைப்புகளுக்கு மட்டும். திறந்து மூடும் ஜன்னலில் இந்த நாசிலை அடித்துவிட்டு ஃபேப்ரிகேட்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேஜில் 35 காட்டியது. அடித்தோம், உள்ளே சொட்டு இல்லை, பாஸ் என்று எழுதி போட்டோவும் எடுத்துவிட்டோம். மறு வாரம் கன்சல்டன்ட் வந்தார், தன் நாசிலைத் தானே பையில் கொண்டுவந்திருந்தார், அதன் முதுகிலேயே சின்னதாக ஒரு கேஜ். நம் ஹோஸில் மாட்டி சிசர் லிஃப்டில் ஏறினார். மேல் டிரான்சம் (கிடைமட்டச் சட்டம்) எட்டு மீட்டர் உயரத்தில். பம்பில் முள் 35ல் நிற்கிறது, அவர் கையில் இருப்பது 21 காட்டுகிறது! தண்ணீரைப் பத்து மீட்டர் ஏற்றினாலே 14 பிஎஸ்ஐ போய்விடும், ஹோஸ் உராய்வு வேறு. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், சைட்டில் ஞாபகம் வந்தால்தானே.

வால்வைத் திறந்து மேலே 35 வரும்வரை பம்பை ஏற்றினார். மூன்றாவது நிமிஷம் உள்ளே டார்ச்சோடு நின்ற தம்பி கத்தினான், “அண்ணே, சொட்டுது!” டிரான்சம் போய் மல்லியனில் (செங்குத்துச் சட்டம்) சேரும் மூலை, ஒரே ஒரு ஸ்க்ரூ தலைக்கு மேல் சிலிக்கோன் தடவாமல் விட்டிருந்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. முந்தின வாரமும் அந்த ஓட்டை அங்கேயேதான் இருந்திருக்கும்.

கடைக்குப் போன் செய்தேன். “எல்லாரும் அப்படித்தான் எடுத்துட்டுப் போறாங்க” என்றார்கள். சரி.

பிறகு லேபில் பெரிய டெஸ்ட். அங்கே கருவிகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. எல்லாரும் விமான எஞ்சின் புரொப்பெல்லரைத்தான் வீடியோ எடுத்தார்கள், தண்ணீரைக் காற்றோடு சேர்த்து அறைந்து கேஸ்கெட்டை உலுக்கும் சாமான் அது. காதடைப்பான் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். நான் போய்ப் பார்த்தது, சுவருக்குப் பின்னால் காற்றழுத்தம் உண்டாக்கும் அடைத்த பெட்டியான சேம்பரில், அந்த அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரின் டியூபை. புளோயர் ஊதும் வாய்க்கு எதிரே இல்லாமல், காற்று அடங்கிய மூலையில் சொருகியிருந்தார்கள், ஆரம்பிப்பதற்கு முன் பூஜ்ஜியமும் சரிபார்த்தார்கள். எங்கள் ஸ்பெக்கில் 600 பாஸ்கல். கேட்கப் பெரிதாக இருக்கும், தண்ணீர் மட்டத்தில் அது ஆறு சென்டிமீட்டர்தான். அவ்வளவு சின்ன அளவில் டியூப் தப்பான இடத்தில் இருந்தால் ரிப்போர்ட்டே கதைதான்.

சுவர் முழுக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே ராக்கிலும் குறை சொல்ல முடியாது. லேப் டெஸ்டுக்கான தரநிலை ஏஎஸ்டிஎம் இ331 கேட்பது சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 3.4 லிட்டர், 15 நிமிஷம். மணிக்கு 204 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரின் ஒரு வருஷ மழை பத்தரை மணி நேரத்தில் கொட்டி முடிந்துவிடும். விடியற்காலை சுமத்ரா காற்று மழையில் ஹார்பர்ஃப்ரண்ட் பக்கம் குடையோடு நின்றவர்களுக்கு இது மிகை என்று தோன்றாது.

இப்போது எங்களிடம் சொந்த கிட். அதே பி-25 நாசில், அதன் பின்னால் கிளிசரின் ஊற்றிய கேஜ், அதற்கும் பின்னால் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் பால் வால்வு, அந்த வரிசை மாறக்கூடாது. கிளிசரின் இல்லாத கேஜில் பம்ப் அதிர்வுக்கு முள் ஆடிக்கொண்டே இருக்கும், 30ஆ 35ஆ என்று சொல்ல முடியாது. ஈரக் கையுறையோடு நாசிலை ஐந்து நிமிஷம் அசையாமல் பிடிப்பது மட்டும் இன்னும் கஷ்டம்தான், ஓரடி நீளக் கம்பி ஒன்றை முனையில் கட்டி தூரத்தைச் சமாளிக்கிறோம்.

மஞ்சள் பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு. பம்புக்காக.