வேலையிட விபத்து இழப்பீடு: மொத்தமாகவா, மாதந்தோறுமா?

வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் அடைந்தவர் முன்னே பல நாடுகளில் இந்தக் கேள்வி வருகிறது: இழப்பீட்டை மொத்தமாக வாங்குவதா, மாதந்தோறும் பெறுவதா? பலரும் தொகையின் அளவை மட்டும் பார்க்கிறார்கள். தமக்குப் பிறகு அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாதத் தொகை பழைய வழி. ஜெர்மனியின் 1884-ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டம், உழைக்கும் திறனை முழுதாக இழந்தவருக்கு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஓய்வூதியமாக வழங்கியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் நிரந்தர ஊனத்துக்குத் தவணை முறையையே விதியாக்கியது. பணம் முறையாகப் பயன்படும் என்று அதிகாரிகளுக்கு உறுதிப்பட்டால் மட்டும் மொத்தமாகத் தரலாம். இது தொழிலாளியை நம்பாத விதி என்று சிலர் கொதிப்பார்கள். எனக்கு அது பாதுகாப்பாகவே படுகிறது. உடல் முடங்கியவரின் கையில் பெருந்தொகை இருக்கும்போது கடன் கொடுத்தவரும் உறவினரும் கேட்டால் மறுப்பது எளிதன்று.

மொத்தத் தொகையில் கழிவு விகிதம் என்றொன்று இருக்கிறது: பின்னால் வர வேண்டிய பணத்தை இன்றே தருவதால், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்துக் கணக்கிடுவது. மாதம் 100 வீதம் 20 ஆண்டுகளுக்கு 24,000 வர வேண்டும். அதை ஆண்டுக்கு 5 சதவீதக் கழிவில் இன்றே வாங்கினால் சுமார் 15,150; 3 சதவீதத்தில் சுமார் 18,030. விகிதத்தை யார், எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்று கேட்காமல் எந்தத் தொகைக்கும் தலையாட்ட வேண்டாம். மாதத் தொகைக்கும் ஒரு பகை உண்டு: விலைவாசிக்கேற்ப உயராவிட்டால் பத்தாண்டில் அது மெலிந்துவிடும்.

மரணத்துக்குப் பிறகுதான் வேறுபாடு கூர்மையாகிறது. கையில் வாங்கிய மொத்தத் தொகையில் மீதமிருப்பது அவருடைய சொத்து, உயிலில் எழுதலாம். மாதத் தொகை பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். காயத்தாலேயே இறந்தால், அவரைச் சார்ந்திருந்த துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தனி உதவித்தொகையைச் சட்டமே வழங்குவது வழக்கம். அதை உயிலால் திருப்பிவிட முடியாது. வேறு நோயால் இறந்தாலோ அந்த உதவியும் பொதுவாகக் கிடைக்காது. இடையில் இறந்தாலும் குறிப்பிட்ட குறைந்தபட்சக் காலம் வரை மாதத் தொகை நிற்காது என்று உத்தரவாதம் தரும் ஒப்பந்தம் கிடைக்குமானால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இளம் பிள்ளைகள் உள்ள, இனி வேலைக்குத் திரும்ப முடியாதவருக்கு மாதத் தொகையைத்தான் சொல்வேன். சிறிய ஊனத்தோடு வேலைக்குத் திரும்பியவர் மொத்தமாக வாங்கலாம். வாங்கியதும் உயில் எழுதிவிட வேண்டும், வாரிசு சிறுவரென்றால் பணத்தைக் கவனிக்கும் பொறுப்பாளரையும் அதில் குறிப்பிட வேண்டும். வருமானம் பார்த்து அரசு உதவி தரும் இடங்களில் பெருந்தொகை அந்த உதவியையே நிறுத்திவிடலாம். அங்கே உயிலைவிட, பணத்தை அவருக்காக வேறொருவர் பொறுப்பில் வைத்து நிர்வகிக்கும், முறையாக அமைத்த டிரஸ்ட் (அறக்கட்டளை) உதவும்.

கையெழுத்திடும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எதிர்கால மருத்துவச் செலவுக்கான உரிமையும் இத்தொகையோடு முடிகிறதா? முடிகிறது என்றிருந்தால், இனி தேவைப்படக்கூடிய சிகிச்சைகளின் செலவை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.