கரித்தூளா, கந்தக நீக்கியா: பாதரசத்தை எங்கே பிடிப்பது?

500 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்றின் புகையிலிருந்து பாதரசத்தை நீக்க ஏற்ற வழியைப் பரிந்துரைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கரித்தூள் ஊதும் முறையையும், சுண்ணாம்புக் குழம்பால் புகையைக் கழுவிக் கந்தக டை ஆக்சைடை நீக்கும் ஈரமுறைக் கந்தக நீக்கியையும் எடைபோட்டுப் பார்த்துப் பின்னதையே தேர்ந்தேன். 2015 டிசம்பரில் மத்திய அரசு விதித்த வரம்பு கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம், இரண்டாலும் அதை எட்ட முடியும் என்பதால் அந்தப் பேச்சை இத்துடன் விடலாம்.

உலை வெப்பத்தில் நிலக்கரியின் பாதரசம் ஆவியாகிறது. புகை குளிரும்போது ஒரு பகுதி சாம்பல் துகளில் ஒட்டி, மின்புலத்தால் சாம்பலைப் பிடிக்கும் இ.எஸ்.பி.யில் சிக்குகிறது, ஒரு பகுதி குளோரினோடு சேர்ந்து நீரில் கரையும் உப்பாகிறது, எஞ்சியது தனிம ஆவியாகவே புகைபோக்கியைக் கடக்கிறது. போட்டி பின்னிரண்டையும் பற்றியது.

இ.எஸ்.பி.க்கு முன்னால் புரோமின் ஏற்றிய கரித்தூளை ஊதினால் ஆவியும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சேமிப்புக் கலன், ஊதுகருவி, சில குழாய்கள் போதும். முதலீட்டில் இதற்கு ஈடில்லை.

ஆனால் அந்தக் கரி போய்ச் சேருமிடம் உலர் சாம்பல். எங்களைப் போன்ற அலகு முழுச்சுமையில் நாளொன்றுக்கு ஏழாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கிறது. உள்நாட்டு நிலக்கரியானால் அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சாம்பல். அத்தனையையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும், தேங்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு என்றும் 2021 டிசம்பர் அறிவிக்கை கூறுகிறது. கரி கலந்து கறுத்த சாம்பலின் எரிப்பிழப்பு, அதாவது சூடாக்கும்போது எரிந்துபோகும் பங்கு, உயர்கிறது. கான்கிரீட்டில் காற்றுக்குமிழ் உண்டாக்கும் வேதிப்பொருளை அது உறிஞ்சிவிடுகிறது. வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது லாரியையே அனுப்பமாட்டார். அரைத்த சிமெண்டில் கலந்தால் பாதரசம் அடங்கிக் கிடக்கும்; அதே சாம்பலைச் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்துச் சூளையில் இட்டாலோ, நாம் பாடுபட்டுப் பிடித்தது அடுத்த ஊர்ப் புகைபோக்கியில் மீண்டும் ஆவியாகும். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

கந்தக நீக்கியில் கரையும் உப்பு மட்டுமே சிக்கும். ஆகவே நிலக்கரியோடு சிறிதளவு கால்சியம் புரோமைடு சேர்த்து, ஆவியை உப்பாக மாற்றிக்கொள்கிறோம். சாம்பல் கரியின்றி விற்பனைக்குப் போகிறது. குறையும் உண்டு: சுண்ணாம்புக் குழம்பிலுள்ள சல்பைட், கரைந்த பாதரசத்தைத் திரும்பவும் தனிமமாக்கித் தப்பவிடலாம், கழிவுநீரையும் அங்கே துணைப்பொருளாக வரும் ஜிப்சத்தையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். புரோமின் காற்று முன்சூடாக்கியை எவ்வளவு அரிக்கும் என்பதற்கு எங்கள் குறுகிய சோதனை ஓட்டத்தை வைத்து நான் உறுதி கூறமாட்டேன்.

கந்தக நீக்கி ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்ததால் அதன் செலவு எங்கள் கணக்கில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கந்தக நீக்கி விதியில் மத்திய அரசு 2025 ஜூலையில் தந்த தளர்வுக்குப் பின் அது கட்டாயமில்லாத நிலையங்கள், பாதரசத்துக்காக மட்டும் அதைக் கட்டுவது கட்டுப்படியாகாது. இ.எஸ்.பி.க்குப் பின்னால் துணிப்பை வடிகட்டி ஒன்றை அமைத்து, இரண்டுக்கும் இடையில் கரித்தூளை ஊதினால், சாம்பலில் பெரும்பகுதி முன்னதாகவே தனியே பிரிந்துவிடும். அங்கே நான் கரித்தூளையே பரிந்துரைப்பேன்.