‘சர்வர் போட்டுத் தருகிறேன்’ என்று வந்தவரால் எங்கள் பற்றுக் கணக்கு மொத்தமும் போனது: உரக்கடை, நெல் மண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மன்னார்குடியில் விதை, உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கிய கடை. நீடாமங்கலத்தில் ஒரு கிளை உண்டு. எங்கள் பக்கத்து வியாபாரம் எப்படி என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஆவணி, புரட்டாசியில் விதைநெல்லும் அடியுரமும் கடனுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மேலுரமும் மருந்தும் கடனுக்குப் போகும். தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிய பிறகுதான் கணக்கு தீரும். அதுவரை கடையின் உயிர் பற்றுக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு இந்த ஜனவரி முதல் வாரத்தில் ஒரே இரவில் அழிந்துவிட்டது. முந்நூற்றுச் சொச்சம் விவசாயிகளின் பற்று அது, கிட்டத்தட்ட 19 லட்சம் ரூபாய்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆளின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

போன ஆடியில், இரண்டு கடைக்கும் ஒரே கணக்கு இருந்தால் நல்லது என்று நினைத்தோம். நீடாமங்கலத்தில் யூரியா எத்தனை மூட்டை இருக்கிறது என்று தினம் நாலு தடவை போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. தெரிந்த வியாபாரி ஒருவர் சொல்லி, சர்வர் போடும் அந்த ஆள் வந்தார். நல்ல பேச்சு. "அண்ணே, இனிமே நோட்டே வேணாம்ணே. டேட்டாபேஸ் சர்வர் போட்டுடுறேன், ரெண்டு கடையும் ஒரே இடத்துல எழுதும்" என்றார். டேட்டாபேஸ் என்றால் கணக்கையெல்லாம் அட்டவணை அட்டவணையாக வைத்திருக்கும் மென்பொருள். கம்ப்யூட்டர் 52,000, டேட்டாபேஸ் லைசென்ஸ் 24,000, நிறுவித் தர 12,000, ஆக 88,000 ரூபாய். ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இன்டர்நெட் கம்பெனியிடம் மாறாத ஐ.பி. எண் ஒன்றும், அதாவது இன்டர்நெட்டில் எங்கள் கடைக்கான முகவரி, வாங்கச் சொன்னார். நீடாமங்கலம் கடை அந்த எண் வழியாகத்தான் உள்ளே வர வேண்டுமாம். வாங்கினோம்.

ஒரே பகலில் வேலையை முடித்தார். திரையில் சரக்குப் பட்டியல் வந்தது, நீடாமங்கலத்திலும் அதே பட்டியல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். அங்கேதான் தப்பு செய்தேன். பட்டியல் தெரிவதைத் தவிர வேறு எதையும் செய்து காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

முதல் கோளாறு அந்த வாரமே தெரிந்தது. விவசாயி பெயரைத் தமிழில் அடித்துச் சேமித்தால், திரும்பத் திறக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. கேட்டதற்கு, "டேட்டாபேஸ்ல தமிழ் ஏறாதுண்ணே, இங்கிலீஷ்ல போடுங்க" என்றார். நம்பினோம். உண்மையில், அட்டவணைகளை அவர் லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுப்பில் உருவாக்கியிருந்தார். அதில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும்தான் அடங்கும். எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று அந்த ஒரு சொல்லை மாற்றியிருந்தால் தமிழ் ஒழுங்காக ஏறியிருக்கும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை அப்புறம் மீட்கவும் முடியாது, மூல எழுத்து அங்கே இருப்பதே இல்லை. வடுவூரில் மட்டும் எங்களுக்கு மூன்று கோவிந்தராசு உண்டு. அப்பன் பெயரும் தெருப் பெயரும் தமிழில் இருந்தால்தான் எங்கள் பையன்களுக்கு ஆள் பிடிபடும். இங்கிலீஷில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதி, ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு ஆனது தனிக் கதை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை நீடாமங்கலத்திலிருந்து பையன் கூப்பிட்டான், "அண்ணே, லிஸ்ட் காலியா இருக்கு." நான் திறந்து பார்த்தால் இங்கேயும் காலி. எல்லா அட்டவணையும் போய், ஒரே ஒரு அட்டவணை மட்டும் புதிதாக இருந்தது. அதற்குள் இங்கிலீஷில் நாலு வரி: உங்கள் தரவு எங்களிடம் இருக்கிறது, பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருவோம், இல்லாவிட்டால் வெளியிட்டுவிடுவோம். கை நடுங்கியது. அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன், அது ஒன்றுதான் அன்று உருப்படியாகச் செய்தது.

அவரைக் கூப்பிட்டோம். மாலை வந்தார். "வைரஸ்ண்ணே" என்று சொல்லிவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்ப்யூட்டரை ஃபார்மேட் அடித்தார். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். "பேக்கப் இருக்குல்ல, ஏத்திடலாம்" என்று பென்டிரைவை வாங்கினார். தினமும் கடை அடைக்கும்போது நான்தான் அந்த பேக்கப் பொத்தானை அழுத்துவேன். தேதி போட்டு ஒரு கோப்பு விழும், பார்த்துவிட்டுப் பென்டிரைவைக் கல்லாவில் வைப்பேன். நூற்றைம்பதுக்கும் மேல் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் 0 கேபி. ஆடியிலிருந்து ஒரு நாள்கூட பேக்கப் ஆகவில்லை.

அதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "கேக்குற காசக் கட்டிடலாம்ணே. 60,000 குடுங்க, நான் பேசி வாங்கித் தர்றேன்" என்றார். அப்பா எழுந்து, "தம்பி, நீங்க கிளம்புங்க" என்றார். அதோடு அவர் போனார். போனையும் எடுப்பதில்லை.

என் அக்கா மகள் திருச்சியில் டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறாள். இரவு அவளைக் கூப்பிட்டேன். ஐ.பி. எண்ணைக் கேட்டாள், சொன்னேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, "மாமா, நான் உள்ள வந்துட்டேன். பாஸ்வேர்டே இல்ல மாமா" என்றாள். திருச்சியில் அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மன்னார்குடியில் என் கணக்கைத் திறக்கிறாள். அன்று மாலைதான் அவர் புதிதாகப் போட்டுவிட்டுப் போனது அது. பறிபோனதற்குக் காரணமான அதே ஓட்டையோடு மறுபடியும் போட்டிருக்கிறார்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அவர் போட்டிருந்தது எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பு. மரியாடிபி என்ற டேட்டாபேஸ் அதற்குள்ளேயே வருகிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்ப்பதற்காக அதைத் தருகிறார்கள். நிஜ வியாபாரத்துக்கு அப்படியே வைக்கக் கூடாது என்று அதைத் தருபவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் ரூட் என்ற தலைமைக் கணக்குக்கு முதலில் பாஸ்வேர்டு இருக்காது. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மட்டும்தான் ரூட் நுழைய முடியும் என்ற கட்டுப்பாடு ஒன்று உண்டு. நீடாமங்கலம் நுழைய வேண்டும் என்பதற்காக அவர் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்து, ரூட் எங்கிருந்தும் வரலாம் என்று மாற்றியிருக்கிறார். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்து, ரௌட்டரில் 3306 என்ற போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார். மரியாடிபி, அதன் மூலமான மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், இரண்டுக்கும் வழக்கமான வாசல் எண் அதுதான். திறந்த 3306 எங்கே இருக்கிறது என்று இரவும் பகலும் தானாகத் தேடும் நிரல்கள் இருக்கின்றன. எங்கள் கடையை யாரும் குறிவைக்கவில்லை, கதவு திறந்திருந்தது, நிரல் உள்ளே வந்து அழித்துவிட்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனது. இப்படிப்பட்ட பல சம்பவங்களில் தரவை நகல் எடுக்காமலே அழிக்கிறார்கள், காசு கட்டினாலும் வராது என்றாள்.

பேக்கப் ஏன் 0 கேபி? அவர் தன் லேப்டாப்பில் எழுதிய பேக்கப் கட்டளையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அது சி டிரைவில், பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற நிரலைத் தேடுகிறது. எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் டி டிரைவில். நிரல் கிடைக்காவிட்டாலும் விண்டோஸ் அந்தப் பெயரில் ஒரு காலிக் கோப்பை உண்டாக்கிவிடும். நான் தினமும் பார்த்துத் திருப்திப்பட்டது அந்தக் காலிக் கோப்பைத்தான். பைனரி லாக் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி வைப்பது. மரியாடிபியில் அதை நாம்தான் இயக்கிவிட வேண்டும். அதையும் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஃபார்மேட். அழிந்த உடனே கம்ப்யூட்டரை நிறுத்தி அப்படியே வைத்திருந்தால் டிஸ்க்கிலிருந்து கொஞ்சமாவது மீட்க முயன்றிருக்கலாம் என்று அவள் சொன்னபோது அப்பா வெளியே போய்விட்டார்.

24,000 ரூபாய் லைசென்ஸ் பற்றியும் கேட்டேன். மரியாடிபிக்கு லைசென்ஸ் காசே கிடையாது. மைஎஸ்கியூஎல் ஆரக்கிள் கைக்குப் போகிற நேரத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-ல் அதிலிருந்து பிரித்து, தன் இளைய மகள் பெயரை வைத்து எல்லாருக்கும் பொதுவாக விட்டது. நிறுவித் தருகிற உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். இல்லாத லைசென்ஸுக்குக் காசு வாங்குவது திருட்டு.

மறுநாள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்தேன், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்தேன். போனில் எடுத்த அந்தப் படம்தான் ஒரே சாட்சி. வக்கீல் முதலில் கேட்டது பில். எங்களிடம் விசிட்டிங் கார்டும் ஜிபே பதிவும்தான் உண்டு. வியாபாரத்துக்காக வாங்கியது என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் சிக்கல் வரலாம், சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்று காட்டினால் இடம் உண்டு என்றார். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போடப் போகிறோம்.

இப்போது அவளே வந்து புதிதாக அமைத்துக் கொடுத்திருக்கிறாள். டேட்டாபேஸ் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுக்கிறது, அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே யாருக்கும் அது இல்லை. நீடாமங்கலம் கடை வயர்கார்டு என்ற பூட்டிய வழியில் இங்கே வந்து, பில் போடும் நிரலை மட்டும் திறக்கிறது. அந்த நிரலுக்குத் தனிக் கணக்கு, அதற்கு அட்டவணையை அழிக்கும் உரிமை கிடையாது. ரூட் பாஸ்வேர்டு உறையில் போட்டு அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தினசரி பேக்கப் ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மாதம் ஒரு ஞாயிறு, வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றி, ஏதாவது ஐந்து பேர் கணக்கைத் திறந்து ரசீதோடு ஒத்துப் பார்க்கிறேன். அரை மணி நேர வேலை.

உங்கள் கடைக்கு யாராவது சர்வர் போட வந்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: பத்துப் பேர் கணக்கை ஏற்றி, பேக்கப் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் என் கண்முன்னால் திரும்ப ஏற்றிக் காட்டுங்கள், அப்புறம் பணம். அன்று நான் இதைக் கேட்டிருந்தால் அந்த 0 கேபி அப்போதே தெரிந்திருக்கும். அவர் இப்போது திருவாரூர்ப் பக்கம் மண்டிகளில் இதே பேச்சோடு போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் கணக்கு எழுதி, லைசென்ஸ் என்று தனியாகக் காசு கேட்டு, மாறாத ஐ.பி. வாங்கச் சொன்னால் நிறுத்தி யோசியுங்கள்.

கணக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். யூரியா, டிஏபி, பொட்டாஷ் எல்லாம் ஆதார் வைத்து, விற்பனையைப் பதியும் பிஓஎஸ் இயந்திரத்தில் போட்டதால், யாருக்கு எத்தனை மூட்டை என்பது அதில் இருக்கிறது. ஆனால் கடனா ரொக்கமா என்பது அதில் இல்லை. விதைநெல்லும் மருந்தும் சுத்தமாக இல்லை. பாதிக்கு மேல் ஆட்கள் தாங்களாகவே வந்து சொல்லிவிட்டார்கள். எடமேலையூர்ப் பெரியவர் ஒருவர், சி.ஆர். 1009 ரக விதைநெல் இரண்டு மூட்டை என்று எங்களுக்கு நினைவே இல்லாத ஒன்றைச் சொல்லி எழுத வைத்தார்.

எங்கள் கடையில் ஆவணிக்குப் பிறகு சரக்கு எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் ரசீது கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம் எந்தக் கடையிலும் காட்டலாம். கட்டிய பணத்தை நாங்கள் மறுபடி கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அப்பாவுக்கு இப்போது பெரிய கவலை.