ஆர்பிட்டல்: வரைபடத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய நாவல்

136 பக்கம்தானே, காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் எழும்பூருக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடித்துவிடலாம்தான். அப்படி முடித்தவர்கள்தான் ‘கதையே இல்லையே’ என்று திருப்பித் தருகிறார்கள்.

2024இல் புக்கர் பரிசு பெற்ற, சமந்தா ஹார்வியின் ஆங்கில நாவல். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், பூமியைச் சுற்றி 16 சுற்று. எதுவும் வெடிக்காது, வேற்றுக்கிரகத்து ஆள் யாரும் வரமாட்டார்.

முன்னால் ஒரு உலக வரைபடம் இருக்கிறது, நெளிநெளியான கோடுகளோடு. அதைப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். நிலையம் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 90 நிமிஷம். அதற்குள் பூமி 23 பாகை அளவுக்குக் கிழக்கே திரும்பிவிடும். அதனால் அடுத்த சுற்று பழைய கோட்டில் விழாமல் மேற்கே தள்ளி விழும். இது பிடிபடாவிட்டால், அதே கண்டங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எரிச்சல்தான் வரும். அத்தியாயத் தலைப்புகளில் வரும் ‘அசெண்டிங்’ தெற்கிலிருந்து வடக்கே ஏறுவது, ‘டிசெண்டிங்’ இறங்குவது.

சுற்றுக்குச் சராசரி எட்டரைப் பக்கம். ஒரு வேளைக்கு இரண்டு சுற்று, எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரைநடை கவுனி அரிசி மாதிரி, அளவாக வைத்தால்தான் ருசி. கடல், மேகம், நகர விளக்கு என்று வர்ணனை அடுக்கிக்கொண்டே போகும், பாதியில் திகட்டும். பிலிப்பைன்ஸை நோக்கி நகரும் சூறாவளிதான் அங்கே கைப்பிடி.

400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு 90 சதவீதம் போல இருக்கவே செய்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதப்பு. தெரிந்துகொண்டு படித்தால் பல வரிகள் சட்டென்று திறக்கும். பரிசோதனை எலிகள் மிதக்கப் பழகுவதும், அவரவர் நாட்டுக் கழிப்பறையையே பயன்படுத்தச் சொல்லும் அறிவிப்பும் நல்ல இடங்கள். (மேலே போயும் பங்காளிச் சண்டை!)

உச்சம், ஜப்பானியப் பெண் சியே. தாய் இறந்த சேதி வருகிறது; இறங்கிப் போக வழியில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன இடத்தில், ஊரில் நடந்த சாவைக் கடுதாசியில் படித்தவர்களின் வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் அந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

குறை என்றால், ஆறு பேரும் ஒரே குரலில் யோசிக்கிறார்கள். யோசிப்பது பியெட்ரோ என்பவரா, ஷான் என்பவரா என்று குழம்பும். பெயரையும் நாட்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செருகிக்கொள்வது நல்லது.

படித்துவிட்டு நிலையத்தைப் பார்க்க ஆசை வந்தால் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்று பயனில்லை, சுற்றுக்கூரை வானத்தை வெட்டிவிடும். மொட்டை மாடிக்குப் போங்கள். இருட்டிய கொஞ்ச நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு முன்; கடக்கும் நேரத்தை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலி சொல்லிவிடும். மேற்குப் பக்கமிருந்து கிழக்கே நகரும், சிமிட்டாத வெளிச்சம். சிமிட்டினால் விமானம். சில நாள் நடுவானிலேயே அணைந்துபோகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு அன்றைய பதினாறு அஸ்தமனத்தில் ஒன்று.