எஃப்எக்ஸ்-8350, ஐ5-3470: பன்னிரண்டு வருஷம் இரண்டையும் வைத்து வேலை பார்த்த அனுபவம்

கல்யாண வீடியோ மிக்ஸிங்கும் ஆல்பம் டிசைனும் எங்கள் தொழில். விருதுநகர் மாவட்டத்தில் சின்ன ஊர், சின்னக் கடை. கடையில் இரண்டு சிஸ்டம், அவற்றின் ப்ராசஸர், அதாவது கணக்குப் போடும் மூளைச் சிப், வேறு வேறு. ஒன்று 2012 கடைசியில் வாங்கிய இன்டெல் கோர் ஐ5-3470. இன்னொன்று 2013 ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் வாங்கிய ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. பக்கத்துப் பக்கத்து மேசையில் போட்டு, ஒரே மாதிரி வேலை கொடுத்து, பன்னிரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. பழைய சிஸ்டம் விலைக்கு வருகிறது, எதை எடுக்கலாம் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை மட்டும் பார்த்தால் ஐ5 பாவம். நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், தேவைப்படும்போது டர்போவில் 3.6. எஃப்எக்ஸ் எட்டுக் கோர், 4.0 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.2. வீடியோ வேலைக்குக் கோர் எவ்வளவுக்கு எவ்வளவோ அவ்வளவு நல்லது என்று நம்பித்தான் இரண்டாவது சிஸ்டத்துக்கு அதை எடுத்தேன்.

அந்த எட்டுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. எஃப்எக்ஸில் கோர்கள் ஜோடி ஜோடியாக நான்கு மாட்யூல்களில் இருக்கின்றன. ஒரு மாட்யூலில் இருக்கும் இரண்டு கோருக்கும் கட்டளையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி ஒன்றுதான், தசமக் கணக்குப் போடும் பகுதியும் ஒன்றுதான். ஒரே அடுக்களையில் இரண்டு பேர் சமைக்கிறார்கள், மிக்ஸி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குவதை ஆளுக்கொரு பக்கம் பார்க்கலாம். சட்னி அரைக்கிற நேரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ப்ராசஸர் வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்15 ஓட்டியபோது ஒற்றைக் கோரில் ஐ5 சுமார் 125 எடுத்தது, எஃப்எக்ஸ் நூறைத் தொடவில்லை. எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டினால் எஃப்எக்ஸ் 640 பக்கம், ஐ5 460 பக்கம்.

இந்த இரண்டு எண்ணும் கடையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கரிஷ்மா ஆல்பம் டிசைன் பண்ணும்போது பெண் வீட்டார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "அண்ணே, அத்தையும் மாமாவும் நிக்கிறத கொஞ்சம் பெருசாக்கி இந்தப் பக்கம் வைங்க" என்பார்கள். நாற்பது ஐம்பது லேயர் (அடுக்கு) உள்ள ஃபோட்டோஷாப் ஃபைல். ஐ5-இல் படம் கையோடு நகரும். எஃப்எக்ஸில் சுட்டியை இழுத்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு நகரும். அரை வினாடிதான். ஆனால் ஒரு ஆல்பத்துக்கு அப்படி ஆயிரம் தடவை இழுக்கிறோம், பக்கத்தில் ஆள் காத்திருக்கிறார். ஃபோட்டோஷாப்பில் அந்த மாதிரி வேலையெல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழுகிறது. மீதிக் கோர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு மாதத்துக்குள் ஆல்பம் மேசை ஐ5 என்றும், ராத்திரி ரெண்டர் (எடிட் பண்ணிய வீடியோவை முழு ஃபைலாக்குவது) எஃப்எக்ஸ் என்றும் தானாகவே பிரிந்துவிட்டது.

ராத்திரி வேலையில் எஃப்எக்ஸை நான் குறை சொல்லமாட்டேன். அப்போது எல்லாம் டிவிடி. மூன்று மணி நேரக் கல்யாணத்தை எடியஸ் எடிட்டிங் மென்பொருளில் டிவிடிக்கான எம்பெக்-2 வடிவமாக்க ஐ5 ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தால், எஃப்எக்ஸ் ஒன்றேகால் மணியில் முடித்துவிடும். வைகாசியில் ஒரே வாரத்தில் ஐந்து கல்யாணம் வந்தபோது அந்த அரை மணி நேரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பிறகு டிவிடி போய் பென்டிரைவ் வந்தது. ஆட்டம் மாறியது அங்கேதான். பென்டிரைவுக்கு எச்.264 என்ற வீடியோ வடிவம். ஐ5-க்குள் இருக்கும் எச்டி 2500 கிராஃபிக்ஸில் க்விக் சிங்க் என்று வீடியோவை என்கோட் பண்ணுவதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது, எடியஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். எஃப்எக்ஸ்-8350-இல் உள்கிராஃபிக்ஸே கிடையாது. எஃப்எக்ஸ் எட்டுக் கோரையும் கொதிக்க வைத்து மூன்று மணி நேரம் ஓட்டுகிற ஃபைலை, ஐ5 அலட்டிக்கொள்ளாமல் ஒரு மணி சொச்சத்தில் கொடுத்துவிடும். முதலில் எனக்கு இது தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்ததால் உள்கிராஃபிக்ஸ் அணைந்து கிடந்தது. பயாஸ் செட்டிங்கில் போய் அதை ஆன் பண்ணி, மதர்போர்டின் விஜிஏ துளையில் ஒரு பழைய மானிட்டரையும் மாட்டிய பிறகுதான் விண்டோஸ் 7-இல் க்விக் சிங்க் வேலை செய்தது. பிட்ரேட்டை (ஒரு வினாடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவு) கஞ்சத்தனமாக வைத்தால் தீபாராதனைப் புகையிலும் பட்டுப்புடவைச் சரிகையிலும் கட்டம் கட்டமாகத் தெரியும். தாராளமாக வைத்தால் டிவியில் பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2012, 2013-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்வெட்டு என்றால் என்னவென்று தெரியும். ஐ5 அதிகபட்சம் 77 வாட் கணக்கு, எஃப்எக்ஸ் 125 வாட். ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் ஐ5 கால் மணி நேரம் தாங்கும், கையில் இருப்பதைச் சேமித்து நிதானமாக அணைக்கலாம். எஃப்எக்ஸ் ரெண்டரில் இருக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் நான்கு தடவை கத்தும், அவ்வளவுதான். இரண்டு மணி நேர ரெண்டர் 90 சதவீதத்தில் செத்துப்போய், மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்ற நாள் இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு பெரிய யுபிஎஸ் வாங்கினேன். அந்தச் செலவையும் எஃப்எக்ஸ் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சூடு அடுத்த பிரச்சினை. முதலில் எஃப்எக்ஸுக்கு விலை குறைந்த மதர்போர்டு போட்டுக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் ரெண்டர் ஓடும்போது பார்த்தால் 4.0-இல் இருந்த வேகம் சட்டென்று 1.4-க்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஏறும், மறுபடி இறங்கும். ப்ராசஸரில் தப்பில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் இல்லாமல் மொட்டையாக இருந்தது, கை வைக்க முடியாத சூடு. பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து இரண்டு கோடை ஓட்டினேன். மூன்றாவது கோடையில் போர்டு போய்விட்டது. பிறகு 970 சிப்செட்டில் விஆர்எம்முக்கு ஹீட் சிங்க் உள்ள போர்டு போட்டதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. கூடவே வந்த ஃபேனையும் மாற்றினேன். அது முழு வேகத்தில் ஓடினால் பக்கத்தில் போன் பேச முடியாது.

பழையதை வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, சிஸ்டங்களைத் தூசி தட்டுவது அப்போதுதான். ஒரு ஆடியில் எஃப்எக்ஸின் ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தேன். அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு ஹீட் சிங்க்கோடு கையில் வந்துவிட்டது. இந்த ரகத்தில் பின் எல்லாம் ப்ராசஸரில்தான், 900-க்கும் மேல். ஓரத்தில் ஏழு பின் சாய்ந்து கிடந்தது. மைக்ரோ டிப் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெறும் முனையை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. சாக்கெட்டில் வைத்தபோது தன் எடையிலேயே சத்தமில்லாமல் இறங்கியது. அப்படி இறங்கினால்தான் சரி, அழுத்தவே கூடாது. இப்போதெல்லாம் பத்து நிமிஷம் சிஸ்டத்தை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்துவிட்டு, ஹீட் சிங்க்கை இடமும் வலமும் திருகித்தான் எடுக்கிறேன். ஐ5-இல் பின் மதர்போர்டில் இருக்கிறது. ஆகவே பழைய ஐ5 வாங்கினால் போர்டின் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள், எஃப்எக்ஸ் வாங்கினால் ப்ராசஸரைத் திருப்பிப் பாருங்கள்.

2016-இல் இரண்டுக்கும் எஸ்எஸ்டி (சுழலாத வேக டிஸ்க்) போட்டேன். எந்த ப்ராசஸர் என்ற வாதமே பாதி அன்றோடு அடங்கிவிட்டது, அவ்வளவு வித்தியாசம். ஒரு விஷயம்: ஐ5-இன் பி75 சிப்செட் போர்டில் டிஸ்க் மாட்டும் 6 ஜிபிபிஎஸ் சாட்டா துளை ஒன்றே ஒன்றுதான், மற்றவை 3. அந்த ஒன்றைத் தேடி மாட்ட வேண்டும். 970 போர்டில் ஆறுமே 6 ஜிபிபிஎஸ். 2018-இல் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அதில் மாட்டியது இன்டெல், எஃப்எக்ஸுக்கு அது இல்லை. ஓட்டையை அடைத்த அப்டேட் வந்த பிறகு ஆயிரக்கணக்கான படம் உள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது ஐ5 கொஞ்சம் தயங்கியது போலத்தான் எனக்குப் பட்டது. கடைசி நான்கைந்து வருஷத்தில் குரோமில் இருபது டேப், வாட்ஸ்அப், பின்னணியில் அப்டேட் என்று ஆனபோது ஐ5-இன் நான்கு கோரும் அடிக்கடி நூறு சதவீதத்தில் நின்றன. எஃப்எக்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்று தொழிலுக்கு இரண்டையும் வாங்காதீர்கள். புதிய எடிட்டிங் மென்பொருள் பலவும் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பைக் கேட்கின்றன, இரண்டிலும் கிடையாது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் இரண்டும் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பையன் படிக்க, பில் போட, லினக்ஸ் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ள என்றால் தயங்காமல் ஐ5. கிராஃபிக்ஸ் கார்டு தனியாகத் தேவையில்லை, சின்ன யுபிஎஸ் போதும், சத்தமும் இல்லை.

எங்கள் ஐ5 இப்போது பில் மேசையில் இருக்கிறது. எஃப்எக்ஸை நெட் இணைப்பு இல்லாமல் உள்அறையில் வைத்திருக்கிறேன், ஒரு சாட்டாவில் எஸ்எஸ்டி, மீதி ஐந்திலும் ஹார்டு டிஸ்க், 2013-இலிருந்து எடுத்த கல்யாணம் அத்தனையும். போன மாதம் ஒரு அம்மா வந்தார். 2014-இல் எடுத்த மகள் கல்யாணம், டிவிடி பூஞ்சை பிடித்துவிட்டது, அதில் நடமாடுகிற வீட்டுக்காரர் இப்போது இல்லை. "இருக்குமா தம்பி?" என்றார். எஃப்எக்ஸை ஆன் பண்ணி, ஃபேன் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்து, நான்காவது டிஸ்க்கைத் திறந்தேன். இருந்தது.