பிடதியில் பிறந்த இரட்டையர்: ஹைரைடரா, கிராண்ட் விட்டாராவா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் தனியாக வண்டியை ஓட்டும் வகை) எடுப்பதாக இருந்தால் டொயோட்டா ஹைரைடர். சாதா பெட்ரோல் போதும் என்றால் மாருதி கிராண்ட் விட்டாரா. நான் எடுத்தது முதலாவது. அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

இரண்டும் ஒரே கார்தானே என்றால், முக்கால்வாசி ஆமாம். 2022-இல் இரண்டுமே கர்நாடகத்தின் பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில்தான் உற்பத்திக்கு வந்தன. அடித்தளம் சுஸுகியுடையது. சாதா பெட்ரோல் என்று நான் சொன்ன மைல்டு ஹைபிரிட்டில் (மோட்டார் கைகொடுக்கும், தனியாக ஓட்டாது) இருப்பது சுஸுகியின் 1.5 லிட்டர், 4 சிலிண்டர் கே15சி இன்ஜின். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் 1.5 லிட்டர், 3 சிலிண்டர் இன்ஜின், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் டொயோட்டா சரக்கு. வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 2,600 மி.மீ., ஹைபிரிட்டின் அரசுச் சான்று மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ.; இரண்டுக்கும் இதேதான். ஹைபிரிட் எடுத்தால் பேட்டரி டிக்கி இடத்தைத் தின்னும், அதுவும் இரண்டிலும்தான். முகம் பிடித்ததா இல்லையா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

பேச வேண்டியது இரண்டு கம்பெனிக்கும் உள்ள உறவைப் பற்றி. கார் உலகத்தில் பங்காளி உறவும் உண்டு, சம்பந்தி உறவும் உண்டு. ஹூண்டாய்–கியா பங்காளிகள். நொடித்துப் போன கியாவின் 51 சதவீதத்தை 1998-இல் ஹூண்டாய் வாங்கியது. இன்று கையில் இருப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு என்றாலும் குடும்பம் ஒன்றுதான். ஃபோக்ஸ்வாகன்–ஸ்கோடாவும் அப்படியே; 1991-இல் உள்ளே நுழைந்து 2000-இல் முழுதாக வாங்கிவிட்டார்கள். பங்காளிகளின் கார்களில் இன்ஜின் ஒன்றாக இருக்கும், மேல் தகடு தனியாக இருக்கும். கிரெட்டாவுக்கும் செல்டோஸுக்கும் சேர்த்து ஸ்பேர்ஸ் பார்த்துக்கொள்வது மோபிஸ் என்ற வீட்டுக் கம்பெனி. அங்கே பிடித்ததை எடுத்துவிட்டுப் போகலாம்.

டொயோட்டா–சுஸுகி சம்பந்திகள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதை. சுஸுகி தரப்பிலிருந்து பலேனோ போய் கிளான்ஸா ஆனது, எர்டிகா ரூமியன் ஆனது, ஃப்ராங்ஸ் டைசர் ஆனது. டொயோட்டா தரப்பிலிருந்து இன்னோவா ஹைகிராஸ் வந்து இன்விக்டோ ஆனது. பங்கு என்று பார்த்தால் அற்பம். 2019 ஆகஸ்டில் அறிவித்தபடி டொயோட்டா 9,600 கோடி யென் கொடுத்து எடுப்பது சுஸுகியின் 4.94 சதவீதம், பதிலுக்கு சுஸுகி எடுப்பது 4,800 கோடி யென்னுக்கு டொயோட்டா பங்கு, அது ஒரு சதவீதம்கூட வராது.

இவ்வளவு மெல்லிய கயிறை நம்பி எட்டு வருடம் ஓட்ட வேண்டிய காரை எடுக்கலாமா என்று கேட்கலாம். சதவீதம் பெரிதானால் உறவு கெட்டி என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். இதே சுஸுகியில் ஜெனரல் மோட்டார்ஸ் 20 சதவீதம் வரை வைத்திருந்து, 2008-இல் மிச்சத்தையும் விற்றுவிட்டுப் போனது. அடுத்து ஃபோக்ஸ்வாகன் 19.9 சதவீதத்தோடு வந்தது. சுஸுகி ஃபியட்டிடம் டீசல் இன்ஜின் வாங்கியதை வைத்து 2011-இல் தகராறு, நடுவர் மன்றம், 2015-இல் பங்குகளை சுஸுகி திரும்ப வாங்கி அனுப்பிவைத்தது. ரெனோ ஒரு காலத்தில் நிஸானில் 43 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தது. 2023-இல் இருவரும் ஆளுக்கு 15 சதவீதம் என்று சமன் செய்துகொண்டார்கள். 2010-இல் இருவரும் சேர்ந்து திறந்த ஓரகடம் ஆலையில் நிஸானுக்கு இருந்த 51 சதவீதத்தையும் 2025-இல் ரெனோ வாங்கிவிட்டது. பத்திரத்தில் எத்தனை சதவீதம் என்பதைவிட ஆலை யார் கையில், பாகங்களை வார்க்கும் அச்சு யார் கையில் என்பதுதான் வண்டி வைத்திருப்பவனுக்கு வேலைக்கு ஆகும். மஹிந்திரா–ரெனோ கூட்டு 2010-இல் முறிந்தபோது லோகன் அனாதை ஆகவில்லை. நாசிக்கில் ஆலையை வைத்திருந்த மஹிந்திரா அதையே வெரிட்டோ என்று பெயர் மாற்றித் தொடர்ந்து செய்தது.

அதனால்தான் என் அளவுகோல் ஒன்றே ஒன்று: ஸ்பேர்ஸ். எட்டாவது வருடம் என்ன கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும்.

இரட்டைக் கார்களில் உள்ளே இருப்பது வேறு, வெளியே இருப்பது வேறு. பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் ஆர்ம் போன்றவை பெரும்பாலும் பொது. முன் பம்பர், கிரில், ஹெட்லைட், பின் விளக்கு ஆகியவை லோகோவுக்குத் தகுந்தபடி தனி. ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு உடைவதும் இந்த இரண்டாவது வகைதான். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா இரண்டிலுமே மேலே கீற்றாகத் தெரிவது பகல் விளக்கு. நிஜமான ஹெட்லைட் பம்பர் உயரத்தில், கீழே உட்கார்ந்திருக்கிறது. பைக்காரன் ஒருவன் மூலையில் லேசாக இடித்தாலே பம்பரோடு ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதும் உடையும். காதுதானே என்று ஒட்டிவைத்தால் மேடு பள்ளத்தில் விளக்கு ஆடி, வெளிச்சம் இடம் மாறும். கடைசியில் முழு அசெம்பிளி மாற்ற வேண்டியதுதான்.

இங்கே இன்சூரன்ஸ் ஒரு கத்தி வைத்திருக்கிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், வண்டி புதிதாக இருந்தாலும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. லோகோவுக்கென்று தனியாக வரும் பாகங்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். இரட்டைக் கார் எடுப்பவர்கள் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாமல் பாலிசி போடக்கூடாது. அந்த பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பது ஒரு பம்பரில் போய்விடும்.

சம்பந்தி கார்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. மூலக் கார் மாறினால் இது நின்றுபோகும். விட்டாரா ப்ரெஸ்ஸாவை வைத்து டொயோட்டா 2020-இல் அர்பன் குரூஸர் என்று இறக்கியது, தனி கிரில், தனி முன் பம்பரோடு. 2022-இல் மாருதி புது ப்ரெஸ்ஸா கொண்டுவந்ததும் அர்பன் குரூஸர் நின்றது. மொத்த ஆயுள் இரண்டே வருடம். அதன் இன்ஜின் பாகத்துக்குப் பஞ்சமே வராது, சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் மாருதி சரக்கு இருக்கும். அந்த முன் பம்பருக்கு மட்டும் டொயோட்டா கவுண்டரை விட்டால் வழி இல்லை. 2019-இல் வந்த முதல் கிளான்ஸாவுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் கிரில்லும் எழுத்தும் தவிர எல்லாமே பலேனோ. 2022-க்குப் பிறகு வந்த கிளான்ஸாவுக்குத் தனி பம்பர் வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கும்போது எந்த வருடத்து கிளான்ஸா என்று கேட்பது அதனால்தான்.

ஓரகடத்துச் சம்பந்திகளான ரெனோவும் நிஸானும் இதில் இன்னும் மோசம். மைக்ராவுக்குப் பல்ஸ், சன்னிக்கு ஸ்காலா, டஸ்டருக்கு டெரானோ என்று ஜோடி ஜோடியாக இறக்கினார்கள். டஸ்டர் தவிர மற்றவை பெரிதாகப் போகவில்லை. இன்று ஒரு பழைய டெரானோ மலிவாக வந்தால் 1.5 டீசல் இன்ஜினுக்காகப் பயப்பட வேண்டாம், டஸ்டர் பாகம் பொருந்தும். டெரானோவின் ஹெட்லைட்டும் முன் பம்பரும் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் உட்கார்ந்து, கை வைத்துப் பாருங்கள்.

சரி, பிடதிக்குத் திரும்புவோம். பெட்ரோலில் மாருதி என்று சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். இன்ஜின் சுஸுகி, அடித்தளம் சுஸுகி, சர்வீஸ் ஊர் ஊராக. முன்பு டொயோட்டா பக்கம் இழுத்தது வாரண்டி: அங்கே 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ., மாருதியில் 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம், 1 லட்சம் என்று ஆக்கிவிட்டதால் அந்தப் பேச்சு முடிந்தது. பணம் கட்டி நீட்டிப்பதில்தான் இப்போது வித்தியாசம். மாருதியில் 6 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை, டொயோட்டாவில் 5 வருடம் அல்லது 2.2 லட்சம் கி.மீ. வரை, எது முந்துகிறதோ அது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 32,000 கி.மீ.தான் எல்லைக் கோடு. அதற்குக் கீழே ஓட்டுபவருக்கு மாருதி நீட்டிப்பு அதிக நாள் வரும், மேலே ஓட்டுபவருக்கு டொயோட்டா. வீட்டுக் கார் அந்தக் கோட்டைத் தொடுவது அபூர்வம்.

அப்படியிருந்தும் ஹைபிரிட்டில் ஏன் டொயோட்டா? பட்டறைப் பழக்கம். 2013-இலிருந்து கேம்ரி ஹைபிரிட்டைப் பார்த்த கைகள் அங்கே இருக்கின்றன, ஹைபிரிட்டான இன்னோவா ஹைகிராஸ் தினமும் லிஃப்டில் ஏறுகிறது. இந்த அமைப்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை, பெல்ட் போட்ட சிவிடி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) இல்லை, பிளானட்டரி கியர்தான். கெட்டுப்போக இருப்பது குறைவு. பிரேக் போடும்போது பாதி வேலையை மோட்டார் செய்வதால் பேடும் நெடுநாள் வரும். ஆனால் கெட்டால் சாதா மெக்கானிக் கை வைக்கக்கூடாத உயர் மின்னழுத்தம்.

பராமரிப்பில் இரண்டு விஷயம் போதும். ஹைபிரிட் பேட்டரி கேபின் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. அந்தத் துவாரத்தின் மேல் பையையோ துணியையோ போட்டு அடைக்கக்கூடாது. நாய் முடி, பஞ்சு எல்லாம் ஃபில்டரில் சேர்ந்தால் பேட்டரி சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸுக்கு விடும்போது அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். இரண்டாவது, சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் இது செத்தால் வண்டி கிளம்பாது. வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் நடுவில் அரை மணி நேரமாவது டேஷ்போர்டில் ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில் வைக்க வேண்டும். பாட்டு மட்டும் கேட்கிற நிலையில் வைத்தால் சார்ஜ் ஏறாது, இறங்கும்.

பெரிய பேட்டரிக்கு இரண்டு கம்பெனியும் தருவது 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. 2022-இல் வந்த கார் என்பதால் அந்த எட்டு வருடக் கெடு 2030-இல்தான் முதலில் தீரும். அதற்குப் பிறகு இந்த பேட்டரி எப்படி என்று அடித்துச் சொல்பவர் யாரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. ஒன்று மட்டும் நிச்சயம்: ஹைரைடர் வாரண்டிக்கு மாருதியின் நெக்ஸா ஷோரூமிலோ, விட்டாரா வாரண்டிக்கு டொயோட்டாவிலோ போய் நிற்க முடியாது. உள்ளே ஒரே பாகம் என்றாலும் பில் போட்டவர்தான் பொறுப்பு.

முன்பணம் கட்டும் முன் ஷோரூமை விட்டு ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு நடந்து போங்கள். முன் பம்பர், வலது ஹெட்லைட், கிரில், பின் விளக்கு, இந்த நான்குக்கும் விலையும் கையிருப்பும் கேளுங்கள். பிறகு அடுத்த கம்பெனியின் கவுண்டரிலும் அதே நான்கு. “ஆர்டர் போட்டா வந்துடும் சார்” என்றால் எத்தனை நாள் என்று கேட்டு, கொட்டேஷன் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.